இரண்டு மணி உதை

இன்று மதியம் எங்கள் பிளாக் சாலையில் மண் கொட்டி, தூசி அடங்கத் தண்ணீர் லாரியை விட்டார்கள். காய்ந்த மண்ணில் தண்ணீர் பட்டதும் எழுகிற வாசனை ஊருக்கெல்லாம் பிடிக்கும். என் மனைவி வாசலுக்குப் போய் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அதே நேரம் மைன்ஸ் சங்கு ஊதியது. மணி இரண்டு. வாசல் கொட்டகையில் உன் புல்லட் நின்றுகொண்டிருந்தது.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு எழுந்து உன்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டி உட்கார்ந்துவிட்டேன். உன்னை நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் உன்னைவிட மோசமானவன் என்பது வேறு விஷயம். அதை அங்கே சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன்.

அப்போது நாம் இரண்டு பேரும் மைன்ஸ் ரோடு செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஹெல்பர்கள். நீ கம்மாபுரம் பக்கத்துக்காரன், மைன்ஸுக்கு நிலம் போன வீடு. நான் திருநெல்வேலியிலிருந்து வந்து மாமா குவார்ட்டர்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தவன். உனக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த வண்டிதான். ஊரைவிட்டுப் போன ஓர் இன்ஜினியரிடம் வாங்கியது. முன்னால் அடி தாங்கக் கனத்த கம்பி கார்டு, பின்னால் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. பெட்டியில் ஸ்டவ்வும் அரிசியும் வைத்துக்கொண்டு கன்னியாகுமரி வரை போய் வந்தோம். வழியெல்லாம் நீ ஓட்டினாய், நான் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடினேன். அந்தப் பயணத்தைப் பற்றி நல்லபடியாக நான்கு வரி எழுதலாம். எழுதினால் அடுத்து வருவதைப் படிக்க உனக்கே மனம் வராது.

அந்த வருஷம் மண் ஏற்றிப் போகிற டம்பர் லாரியை ஓட்டும் ஆபரேட்டர் வேலைக்கு ஒரே ஒரு பெர்மனென்ட் இடம் வந்தது. பட்டியலில் இரண்டு பேர். நிலம் கொடுத்த வீடு என்பதால் முதலில் நீ, அடுத்து நான். புதன்கிழமை மெடிக்கல் டெஸ்ட். நீ மெடிக்கலில் தேறினால் எனக்கு ஒன்றுமில்லை. தென்காசியில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா, குவார்ட்டர்ஸ் சாவி கைக்கு வந்த பிறகு பேசலாம் என்று கடிதம் போட்டிருந்தார். நான்கு வருஷம் மண் தின்றவன் நான். நீ வந்து ஒன்றரை வருஷம். உன்மேல் எனக்கு வயிறு எரிந்தது. உன் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடிக்கும்போதும் எரிந்தது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் விளையாட்டு விழா. கொட்டிச் சமன் செய்த மண்மேட்டின் உச்சியில் வட்டமாக ரோடு போட்டு, மோட்டார் சைக்கிள் ஓட்டம் வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக மூன்று சுற்று, கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் இளைத்த வண்டிகள். நீ மட்டும் அந்த யானைக்குட்டியோடு வந்து நின்றாய். பெட்டியையாவது கழற்று என்றேன்.

"பொட்டி இல்லாம இந்த வண்டியப் பாக்க எனக்கே வெக்கமா கீது மாப்ள. இருக்கட்டும் வுடு," என்றாய்.

பிறகு சாவியை என் கையில் வைத்தாய். ஓட்டம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. "மொத ரவுண்டு நீ போயிட்டு வா. வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிடு. உள்ள பூந்தப்புறம் பிரேக்கத் தொடாத. கண்ணு எங்க போவுதோ வண்டி அங்க போவும்."

நீ சொன்னபடியே போனேன். நேர் ரோட்டில் வண்டி தானாகப் போனது. வளைவு வந்ததும்தான் அதன் கனம் தெரிந்தது. கடைசி வளைவு வலப்பக்கம் திரும்பியது. வண்டி வலது பக்கமாகச் சாய்ந்தபோது மிதிகட்டை மண்ணைக் கீறியது, பெட்டி தரையைத் தொட்டும் தொடாமலும் வந்தது. இந்த இடத்தில் சக்கரம் வழுக்கினால் எந்தக் கொம்பனாலும் பிடிக்க முடியாது என்று நினைத்தேன். வழுக்கினால் வலது கால் பெட்டிக்கு அடியில் போகும் என்றும் நினைத்தேன். இந்த இரண்டாவது நினைப்பு வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. பொய் சொல்லப் போவதில்லை.

தண்ணீர் லாரிக்குச் சொல்வது என் வேலை. நம் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். நேர் ரோட்டுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே வந்து, வளைவு வந்ததும் வால்வை மூடிவிட வேண்டும். அந்தக் களிமண் நனைந்தால் டம்பரே திரும்பாது. ஒரு சுற்று அடித்துவிட்டு வந்த டிரைவரிடம் போனேன்.

"அண்ணே, கடைசி வளைவுல ஆபீசருங்க உக்காந்திருக்காங்க. தூசி மூஞ்சில அடிக்குதாம். அங்க மட்டும் இன்னொரு ரவுண்டு விடச் சொன்னாங்க."

"வளைவுல வுடக் கூடாதே தம்பி."

"சொன்னத செய்ங்கண்ணே. நானா சொல்றேன்?"

நான்தான் சொன்னேன். ஆபீசர் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் லாரியில் ஏறிப் போய் வால்வைத் திறந்தார்.

பட்டியலில் உன் பெயர்தான் முதல் பெயர், அங்கேயும். கடைசி வளைவில் கொடி பிடித்து நிற்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆபத்து என்றால் சிவப்புக் கொடியை ஆட்ட வேண்டும். நீ வருகிற சத்தம் முதலில் கேட்டது, அந்தத் தம் தம் சத்தம். பிறகு நீ வந்தாய். வளைவுக்கு முன்னாடியே நனைந்த மண் பளபளவென்று தெரிந்திருக்கும். நீ மண்ணைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாய். கொடி என் தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் தூக்கவில்லை.

ஓடிவந்து வண்டியைத் தூக்கியவர்களில் முதல் ஆள் நான். ஐந்து பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. பெட்டிக்கு அடியில் கிடந்த உன் வலது காலில், கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டு இடத்தில் போயிருந்தது. நீ கத்தவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வண்டிய ஆஃப் பண்ணு மாப்ள, எண்ண ஒழுவுது," என்றாய். புதன்கிழமை நீ கட்டுப் போட்ட காலைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியில், இரண்டு அறை தள்ளி, நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையின் கடைசி வரி எழுத்து வரை படித்தேன். எனக்குக் கண் நல்ல கண் என்றார் டாக்டர்.

ஆறு மாதம் கழித்து உன்மேல் இரக்கப்பட்டு மைன்ஸ் வாசல் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலை போட்டுக் கொடுத்தார்கள். வண்டியை அங்கேயே ஓரமாக நிறுத்தினாய். கியரும் உதைக்கட்டையும் வலது காலுக்கு. உனக்கு அந்தக் கால் அப்போது நொண்டுவதற்கு மட்டும்தான். முதல் ஷிப்ட் முடிந்து நான் வெளியே வந்ததும் கூப்பிடுவாய்.

"மாப்ள, ஒரு ஒத ஒதச்சிட்டுப் போ. சும்மா நின்னா இஞ்சினு புடிச்சிக்கும்."

உதைப்பேன். நீ ஆக்சிலேட்டரில் கையை வைத்துக்கொண்டு, போகாத வண்டியை ஐந்து நிமிஷம் முறுக்குவாய். கண்ணை மூடிக்கொள்வாய். பிறகு அணைத்துவிட்டு, "நாளைக்கி வருவ இல்ல?" என்பாய். வருவேன் என்பேன். ஒன்பது வருஷம். ஷிப்ட் மாறினாலும் இரண்டு மணிக்கு வரவேண்டும். காய்ச்சல் என்றால் ஆள் அனுப்புவாய். என் கல்யாண வரவேற்புக்கு அந்த வண்டியை நான்கு பேரை விட்டுத் தள்ளிக்கொண்டு வந்து மண்டப வாசலில் நிறுத்தினாய். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தேன். உதைக்கட்டை திருப்பி அடித்து முழங்காலில் ரத்தம் கட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு சிநேகிதமா," என்றார் என் மாமனார். நீ அவரிடம், "எம் மாப்ள மாதிரி வராதுங்க," என்று சொல்லி இலையில் இரண்டாவது லட்டு கேட்டு வாங்கித் தின்றாய்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒன்பது வருஷமும் என்னைத் தின்ற கேள்வி அதுதான். மஞ்சள்காமாலை முற்றி நீ படுத்தபோது, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

"லாரிக்காரரு மறுநாளே வந்து அழுதுட்டுப் போனாரு," என்றாய். "அவரு சொல்லித்தான் தெரியணுமா? கொடியப் பாத்தேனே."

"ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ கால்ல வுழுவ. நானும் போனாப் போவுதுன்னு மன்னிச்சித் தொலச்சிருப்பேன். அப்பறம் தெனம் யாரு வந்து வண்டிய ஒதைக்கிறது?"

நான் உன் காலைத் தொட்டேன், அந்த வலது காலை. அதை மெதுவாக இழுத்துக்கொண்டாய். "அத மட்டும் கேக்காத," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தாய். நான் போனபோதெல்லாம் தூங்குவதுபோல் கிடந்தாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினாள். "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாருங்க. தெனம் ரெண்டு மணிக்கு ஒதைக்கணுமாம். எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்னாரு." ஒன்றும் தெரியாத முகம் அவளுக்கு. காபி குடித்துவிட்டுப் போனாள். வளைந்த கம்பி கார்டை நீ கடைசி வரை நிமிர்த்தவே இல்லை. வலப்பக்கத்துப் பெட்டியின் மடிப்பில் அந்த மண் இன்னும் காய்ந்து கிடக்கிறது. பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்து விலைக்குக் கேட்டார். கொடுத்துவிடலாமே என்றாள் என் மனைவி. கொடுக்க முடியாது என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

இன்று சங்கு ஊதியதும் போனேன். நான்காவது உதையில் பிடித்தது. மூன்றாவது உதை திருப்பி அடித்தது, அதே முழங்காலில். ஆக்சிலேட்டரையும் இப்போது நானே முறுக்க வேண்டியிருக்கிறது. வெளியே தண்ணீர் லாரி திரும்பி வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன். நாளைக்கு வருவாயா என்று யாரும் கேட்கவில்லை. வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.