தை பிறக்கும் வரை தூண்டில் இல்லை

கிளியனூர் வழி,
22.11.1998

அன்பு மிக்க ஜாக்குலின் அப்பாவுக்கு,

பவுலின் எழுதுவது. தேவ கிருபையால் நானும் ஜாக்குலினும் சுகம். மஸ்கட்டில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. இங்கே நல்ல மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே போகிறது. மல்லாட்டை விதைப்பு தள்ளிப்போகும் போலிருக்கிறது.

உங்கள் அண்ணனின் தூண்டிலை உடனே திருப்பிக் கொடு என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் உங்களுக்குச் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரியிலிருந்து காரில் வந்து பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் இந்த வருஷம் அதிகமாகிவிட்டார்கள். இது விரால் குஞ்சு பொரிக்கிற காலம். குஞ்சுகளைக் காவல் காக்கிற தாய் விரால் கிட்டே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். தவளையைக் கோத்துப் போட்டால் சுலபமாக மாட்டிக்கொள்ளும். அது போய்விட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். போன கோடையில் ஏரி வற்றியபோது ஊருக்குப் பங்கு போட விராலே இல்லை என்று எழுதியிருந்தேனே. அதனால்தான் தை பிறக்கும் வரை யாரும் தூண்டில் போடக் கூடாது, அதற்குப் பிறகும் ஆளுக்கு இரண்டு மீன்தான் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டோம். உங்கள் அண்ணனும் கை தூக்கினார்.

தீர்மானம் போட்டதோடு சரி. காவலுக்கு ஆள் கேட்டு விழுப்புரத்தில் ஓர் ஆபீசுக்குப் போனேன். ஏரி எங்களுடையது இல்லை என்றார்கள். திண்டிவனத்தில் இன்னோர் ஆபீசில், தண்ணீர்தான் எங்களுடையது, மீன் இல்லை என்றார்கள். போலீசில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் வார்டு உறுப்பினர் அமல்ராணியும் நானும் பூசைக்குப் போகாமல் ஏரிக்கரையில் நின்றோம். முதல் வாரமே நம் தெரு துரைக்கண்ணுவின் மூங்கில் தூண்டிலை வாங்கி ஊராட்சி ஆபீசில் வைத்தேன். பாவம், அவர் எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு கார்க்காரரை மதகுப் பக்கம் கூட்டிவந்து இடம் காட்டிக்கொண்டிருந்தது உங்கள் அண்ணன். கையில் போன லீவில் நீங்கள் கொண்டுவந்து கொடுத்த மடக்குத் தூண்டில். காலடியில் கை நீளத்துக்கு ஒரு விரால் துடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் செக்கச்செவேலென்று குஞ்சுகள் கும்பலாக மேலே வருவதும் இறங்குவதுமாக இருந்தன. தூண்டிலைக் கேட்டேன்.

"நம்ம ஏரியில மீன் புடிக்க உன்னாண்ட பர்மிசன் வாங்கினு வரணுமா? இது என் தம்பி சம்பாரிச்சு வாங்கியாந்தது" என்றார்.

"துரைக்கண்ணாண்ட வாங்கிட்டேன் மாமா. உங்களாண்ட வாங்கலன்னா நான் எப்படிங்க நாளைக்கு அந்தத் தலைவர் நாற்காலியில உக்கார்றது?" என்றேன்.

தூண்டிலை என் முன்னால் வீசிவிட்டுப் போனார். அதற்குள் கார்க்காரர் வண்டியை எடுத்துவிட்டார். அவருடைய தூண்டிலை என்னால் வாங்க முடியவில்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது. என் சட்டம் ஊர்க்காரர்களிடம் மட்டும்தான் செல்லுகிறது. விராலைத் தூக்கித் தண்ணீரில் விட்டேன். கொஞ்ச நேரம் சாய்ந்தே கிடந்து பிறகு உள்ளே போனது. பிழைத்ததா என்று தெரியாது.

அன்று சாயங்காலமே அத்தை தன் பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கோயிலில் சாயங்காலச் செபத்தின்போதும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. ஜாக்குலின் காரணம் கேட்கிறாள். ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

தை முதல் தேதி துரைக்கண்ணுவின் தூண்டிலையும் அண்ணனின் தூண்டிலையும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கு முன்னால் முடியாது. என்னைத் திட்டி எழுதுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். கொடுக்கச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் உறையின் மேலும் உள்ளேயும் 'ஊராட்சித் தலைவர் அவர்களுக்கு' என்று எழுதியிருந்தீர்கள். தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அடுத்த கடிதத்தைப் பவுலினுக்கு எழுதுங்கள்.

தேவமாதா உங்களுக்குத் துணையாக இருக்கட்டும்.

உங்கள்
பவுலின்