சத்தம் போடாத பெட்டி

புள்ள, இன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கும் வந்து சேர்ந்தது. வெள்ளி நிறப் பையை வெட்டியதும் நான் முதலில் செய்த வேலை, அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்ததுதான். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர், "என்னகா, கருவாடு வாங்கின மாதிரி மணந்து பார்க்கிற?" என்று கேட்டார். அவருக்கு எங்கே தெரியும்? புது வீடியோ கசற் வாங்கினால் நீ அதன் உறையைப் பல்லால் கிழித்து, கண்ணை மூடி மணந்துவிட்டு, "இதுக்குள்ள இன்னும் ஒருத்தரும் அழல்ல, புள்ள" என்பாய். அதே வாசம். அதே மாதிரி சுத்தமாக, ஒன்றும் எழுதாமல்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இவ்வளவு நாளும் உன்னோடு கதைக்க எனக்குத் துக்கம் மட்டும்தான் இருந்தது. இன்றைக்கு அப்படியில்லை. சொல்லச் சொல்ல மூச்சு வாங்குகிற அளவுக்குப் புதினமான சேதி இருக்கிறது. கேள்.

நம் தொழிலைப் பற்றி நம் ஊருக்கு வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் ஆண்கள் பக்கத்துக்கு ஆயிரம் கமராக்காரர் இருக்கிறார்கள். பெண்கள் பக்கத்துக்குள் ஆண் கமரா வர ஏலாது. அங்கே கல்முனைக்குடிக்கு நீ ஒருத்திதான். நீ கமராவைத் தூக்கினாய், நான் லைட்டைத் தூக்கினேன். பதினேழு வருடம். தலை முக்காட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூவும் நகையுமாக, வாய்விட்டுச் சிரிக்கிற பெண்களை நாம் இரண்டு பேரும் எத்தனை பேரைப் பார்த்திருப்போம். படம் எடுக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் நீ சொல்வது ஒரே வசனம். "இது ஆம்பிளைட கண்ணுக்குப் போகாது. என்ட கையில நம்பித் தந்த அமானிதம்."

அதனால்தான் டிஸ்க்குகளின் மேல் நீ ஒரு பெண்ணின் பெயரும் எழுதவில்லை. அந்தந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டதில் எது நாக்கில் நின்றதோ, அதை எழுதி ஒட்டினாய். வட்டிலாப்பம். கோழிப் பொரியல். தொதல். கள்ளன் எடுத்தாலும் யாருடைய கல்யாணம் என்று தெரியாது. பசி மட்டும் வரும்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று உன் முதல் இரண்டு வருடக் கசற் முழுவதும் போனது. பிறகு நீ எதையும் இரண்டாக வைத்தாய். கடைசி நாட்களில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் நெல் குத்துகிற மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. நீ மறுபக்கம் திரும்பிப் படுத்து, "இதட சத்தம் என்ட தலைக்குள்ள ஓடுது" என்றாய். நான் நிறுத்தப் போனேன். "நிறுத்தினா மறுகா எழும்பாது, விடு" என்றாய். அன்றைக்குத்தான் ஒரு கல்யாண அழைப்புக் கார்டின் முதுகில் நாலு வரி எழுதி என் கையில் தந்தாய்.

"சத்தம் போடக் கூடா. கரண்ட் தின்னக் கூடா. ரெண்டு டிஸ்க், ஒரே விஷயம். ஒண்டு கடலுக்குத் தூரம்."

"இத நான் என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"நீதான் கட்டப் போற. எட்டாம் வகுப்பு எஞ்சினியர்."

இருமல் வரும்வரை சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்பது உனக்குத் தெரியும்.

இப்போது நான் செய்த மடத்தனத்தையும் சொல்ல வேண்டும். உன் உம்மா பிஸ்கட் தகரத்தோடு டிஸ்க்குகளைக் கொண்டுவந்து தந்தபோது, உப்புக் காற்றில் ஈரம் பிடிக்குமே என்று பயந்தேன். நனைந்த போனை அரிசிக்குள் போடுவது இல்லையா? அதே யோசனையில், வயலிலிருந்து வந்த புது அரிசி வாளிக்குள் ஒவ்வொன்றாகப் புதைத்து வைத்தேன். பெரிய வேலை செய்த மாதிரி நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒரு நாள் பரீனா வந்தாள். ஞாபகம் இருக்கும், தொதல் கல்யாணம். அவளுடைய உம்மா கிண்டிய தொதல் உன் பல்லில் ஒட்டி, நீ வாய் திறக்காமல் படம் எடுத்தாய். அந்த உம்மா போன நோன்பில் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். பரீனா கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "போனில போட்டோதான் கிடக்கு ராத்தா. உம்மா கதைக்கிற ஒரு துண்டும் எங்கட்ட இல்ல. நீங்க தந்த சீடி பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு" என்றாள். "ஒருக்கா சத்தத்தக் கேட்டாப் போதும்."

"அதுக்கென்ன, இரிக்கு" என்று எழும்பிப் போய் அரிசிக்குள் கையை விட்டேன். தொதல் என்று எழுதிய டிஸ்க்கை எடுத்துத் தவிடு தட்டி, மகளின் லப்டொப்பில் குத்தினால், ஒன்றுமில்லை. குத்துகிற வாயைப் பார்த்தேன். உள்ளே ஒரு அரிசி வண்டு, வீட்டுக்காரன் மாதிரிக் குந்திக்கொண்டிருந்தது.

ஊசியால் அதை எடுத்தேன். டிஸ்க் எழும்பியது. ஆனால் "டிக், டிக், டிக்" என்று சத்தம். அந்தச் சத்தம் என்னவென்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். கழற்றிவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் அதற்கு உயிர். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்ப்பதில் செலவழிக்கக் கூடாது, கொப்பி எடுப்பதில் செலவழிக்க வேண்டும். உன் இரண்டாவது கொப்பி அந்த இரையும் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. நீ சொன்னபடியே, நிறுத்தின பிறகு அது எழும்பவில்லை. லப்டொப்பில் இடமும் இல்லை.

பரீனாவிடம், "எனக்குக் கொஞ்ச நாள் தா" என்றேன். அவள் போனதும் நீ எழுதித் தந்த கார்டைத் தேடி எடுத்தேன்.

பஸாரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற நரைத்த தாடி நானாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனுசர். "பெட்டியெல்லாம் எதுக்குத் தங்கச்சி? அந்த டிஸ்க்கத் தாங்க, பின்னேரத்துக்குள்ள நான் கொப்பி பண்ணித் தாறன்" என்றார்.

புள்ள, என் கை பைக்குள் இருந்தது. டிஸ்க்கின் மேல் இருந்தது. கொடுத்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் தாமதித்து அது செத்தால் பரீனாவின் முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆனால் கொப்பி ஆகிறதா என்று அவர் ஒரு தரமாவது திறந்து பார்ப்பார். அந்த உம்மா தலைமுடியை விரித்துப் போட்டு, மகளுக்கு மருதாணி வைத்துக்கொண்டு இருப்பார். கையை வெறுமையாக வெளியே எடுத்தேன்.

"ஏலா நானா. இது அமானிதம். நானே கட்டுறன், சாமான மட்டும் தாங்க."

அவர் சரி என்று எழும்பினார். பவர் சப்ளை ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தார், கோழிக் கூட்டின் அளவில். "எழுநூறு வாட். எதையும் தாங்கும்."

"எதைத் தாங்க நானா? நான் வைக்கிற எல்லாம் சேர்ந்து முப்பது வாட்டும் வராது. ஒரு சுண்டு அரிசி ஆக்க ஊருக்கே சமைக்கிற கந்தூரிக் கிடாரம் ஏத்துறதா?"

அவர் என்னைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டார். "ஆரு இதெல்லாம் சொல்லித் தந்த?"

"மௌத்தாகின ஆள்" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் நான் இருந்த மூன்று பின்னேரங்களை உனக்கு எப்படிச் சொல்வேன்! சேலை எடுக்கப் போனபோதுகூட இந்தச் சந்தோசம் வந்ததில்லை. இரவில் போனில் தமிழ் வீடியோ பார்ப்பேன், புரியாத சொல்லை நோட்டுக் கொப்பியில் எழுதுவேன், பின்னேரம் நானாவிடம் கொண்டுபோவேன். முதலில் அவர் காட்டிய மதர்போர்டில் டிஸ்க் குத்த இரண்டு வாய்தான் இருந்தது. இரண்டு அடுப்பு மட்டும் உள்ள குசினியில் நோன்புப் பெருநாள் சமைக்க ஏலுமா? நாலு வாய் உள்ளதைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அதில் பிரஸசர் போர்டோடு சேர்ந்தே ஒட்டியிருக்கும். மேலே சீப்புப் பல் மாதிரி அலுமினியம், அதற்கென்று ஃபேனே இல்லை. பெரிய வேலை செய்யத் தெரியாத பிரஸசர் என்று நானா இழுத்தார். "அது ஓடத் தேவையில்ல, முழிச்சிருந்தாப் போதும்" என்றேன்.

ஃபேன் ஒன்றே ஒன்று வாங்கினேன், பீங்கான் தட்டின் அகலத்தில். பெரியது மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று வரும். சின்னதுதான் கத்திக்கொண்டு ஓட வேண்டும். டிஸ்க்குகளும் மெதுவாகச் சுற்றுகிறவையாகப் பார்த்து எடுத்தேன். இரும்பில் அதிராமல் நாலு மூலைக்கும் ரப்பர். ஒரே பெட்டியிலிருந்து இரண்டை எடுத்தால், ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே போகவும் கூடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதனால் ஒன்றை இங்கே வாங்கி, மற்றதை அக்கரைப்பற்றில் வாங்கினேன். கரண்ட் போனால் தாங்க ஒரு சின்ன யூபிஎஸ். விலை கூடிய மற்ற எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு ஒரு அடி உயரம் கூடியது.

போர்ட் வர ஒரு கிழமை, ஏழு நாள். அந்த ஒரு கிழமையும் தொதல் டிஸ்க் குர்ஆன் அலுமாரியில், துணியில் சுற்றிக் கிடந்தது. ஒவ்வொரு சுபஹ் தொழுகையிலும் அதற்கும் ஒரு துஆ கேட்டேன். டிஸ்க்குக்குத் துஆ கேட்ட முதல் பெண் நானாகத்தான் இருக்கும்.

பூட்டுகிற நாளில் மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். வீட்டுக்காரரை டோர்ச் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சம் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

"ஒழுங்காப் பிடிங்க. நிழல் விழுது."

"சம்பளம் என்ன தருவாய்?"

"எனக்கு அவள் தந்ததுதான். கலியாண வீட்டுச் சாப்பாடு."

"அங்க இறைச்சி இருந்திச்சு. இங்க பருப்பு."

ஆணியெல்லாம் முறுக்கி, சுவிட்சை அமத்தினேன். ஒன்றுமில்லை. சத்தமே இல்லை. "செத்துப் போச்சா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். குனிந்து கன்னத்தைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனேன். காற்று, புள்ள. தூங்குகிற பிள்ளையின் மூச்சு மாதிரி மெல்லிய காற்று என் கன்னத்தில் பட்டது. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரையில் எழுத்து வந்தது. கரண்ட் அளக்கிற மீட்டரைக் குத்திப் பார்த்தோம். பழைய மஞ்சள் குண்டு பல்ப் குடிக்கிறதில் பாதிகூட இல்லை. பில்லைச் சொல்லி முகம் சுளிக்கிற மனுசன், மீட்டரைக் கழற்றி மறுபடி குத்திப் பார்த்தார்.

பிறகு தொதலைக் குத்தினேன். டிக், டிக். கொப்பி நகர்ந்தது. ஓர் இடத்தில் நின்றுவிட்டது. நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். நெடுநேரம் கழித்து அந்த ஒரு துண்டை விட்டுவிட்டு மற்றவற்றுக்குத் தாவியது. போனது பெண்கள் பந்தி. அதில் நீ சாப்பிட்ட தொதல் ஒரு மூலையில் இருந்திருக்கும். மற்றது எல்லாம் வந்தது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயமாக, நீ சொன்னபடி. அன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு தொதல் டிஸ்க் எழும்பவே இல்லை.

இன்றைக்கு வந்த மூன்றாவது டிஸ்க்கில் எல்லாவற்றையும் நிரப்பி, சம்மாந்துறையில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன். கடலுக்குத் தூரம். அவளிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன், அரிசிக்குள் வைக்காதே என்று.

போன வெள்ளிக்கிழமை பரீனாவை ஜும்ஆ நேரம் பார்த்துத்தான் வரச் சொன்னேன். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில். கதவைச் சாத்தினோம். நான் பெட்டியை அறைக்கு வெளியே வைக்கவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் வைத்தேன். அப்படியும் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

முதலில் பெண்களின் குரவைச் சத்தம் கேட்டது. பிறகு அந்த உம்மா வந்தார், விரித்த தலைமுடியோடு. மகளின் கையைத் தன் மடியில் வைத்து, மருதாணிக் கோடு இழுத்துக்கொண்டே, "அழாத மகள், மூக்கு வீங்கினா மாப்பிள திரும்பிப் போயிருவார்" என்றார். பரீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தவா என்று பார்த்தேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. உம்மா கதைத்துக்கொண்டே இருந்தார். உப்பு, தொதல், வர மறந்த சாச்சி, எல்லாம்.

அப்போதுதான் நீ கதைத்தாய். பதினேழு வருடப் படத்தில் ஒன்றிலும் நீ இல்லை என்று நினைத்திருந்தேன் புள்ள, கமராவுக்குப் பின்னால்தானே நின்றாய் என்று. அந்த இரைகிற கம்ப்யூட்டரில் எனக்கு இது ஒரு நாளும் கேட்டதில்லை. அவ்வளவு மெதுவாக, பல்லில் தொதலோடு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாய்:

"லைட்ட இறக்கு புள்ள. உம்மாட கண் கூசுது."

படத்தில் வெளிச்சம் கொஞ்சம் தணிந்தது. பரீனா என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கதிரையில் இருந்த என் வலது கை, எப்போதோ தோளுக்கு மேல் எழும்பியிருந்தது. நீ சொன்ன உடனே இறங்கிக்கொண்டிருந்தது.