நாம் காத்திருக்காமல் வாங்கிய கார்டு

புது கிராபிக்ஸ் கார்டு இன்று காலை கூரியரில் வந்தது. பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்த உறையைக் கிழித்ததும் அறை முழுக்கப் புது பிளாஸ்டிக் வாசம். எது வாங்கினாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோய்விட்டுத்தான் நீ மற்ற வேலை பார்ப்பாய். நானும் அப்படியே செய்தேன். அதன் பிறகு அதை மாட்டத் தோன்றவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'அடுத்தது வரட்டும், பொறுத்து வாங்கலாம்' என்று உன்னோடு நான் மல்லுக்கு நின்றேனே, அந்த அடுத்தது இதுதான். அன்று உன் பேச்சைக் கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று சொல்லத்தான் இந்த மடல்.

உத்தமபாளையத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் நம் அலுவலகம். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த இரண்டு பேர், கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுகிற வேலை. அங்கேதான் ஒரு மழை நாளில் ராயப்பன்பட்டி அக்கா வந்தார். வெளிநாட்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அஸ்திவாரம் போட்ட வீட்டின் பிளானை நம் மேசையில் விரித்தார்.

"நாலஞ்சு படம் போதாதுத்தா. வாசல்ல நுழைஞ்சு அடுப்படி, பின்வாசல் வரைக்கும் நடந்து பாக்குற மாதிரி வேணும். எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு. ரெண்டு பக்கமும் இருட்டு, நடுவுல மட்டுந்தான் தெரியுது. அது எம்புட்டு நாளைக்குன்னு டாக்டரே சொல்ல மாட்டேங்குறாக. வீடு முடியிறதுக்குள்ள போயிரும் போல."

நம்மிடம் இருந்தது ஒரே கார்டு. அத்தனை அறைகளையும் நடந்து காட்டும் படம் அதில் உருவாகி வர மாதக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு கதவை மாற்றச் சொன்னால் பாதிப் படம் மறுபடி ஓட வேண்டும். அவர் படியிறங்கியதும், இதே மாடலில் இன்னொரு கார்டு வாங்கிச் சேர்த்து மாட்டலாம் என்றாய். நமக்குள் ஆரம்பித்தது.

"இன்னும் கொஞ்ச மாசத்துல புதுசு வருதுடி. அது ஒண்ணே இது ரெண்டுக்குச் சமம். இப்பப் போயி பழைய மாடல்லயே இன்னொண்ணா?" என்றேன். இரண்டு போட்டால் வேகம்தான் கூடும், மெமரி கூடாது என்றேன். கரண்ட் இழுக்கும், சூடு ஏறும் என்றேன். நீ எதையும் மறுக்கவில்லை.

"எல்லாஞ் சரிடி. அந்தக்கா கண்ணு அது வர்ற வரைக்கும் இருக்குமா? அதை மட்டும் சொல்லு."

மறுநாளே தேனிக்குப் பஸ் ஏறினோம். யாரோ கேம் ஆடும் கம்ப்யூட்டரைப் பிரித்து விற்றதில் அதே மாடல் ஒன்று கடைக்கு வந்திருந்தது. திரும்பும்போது சின்னமனூரில் கூட்டம் ஏற, மடியில் இருந்த கார்டை இரு முழங்கையாலும் அணைத்துக்கொண்டாய்.

மாட்டி வேலையை ஆரம்பித்த நொடியில் மெஷின் சட்டென்று அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடியும் அணைந்தது. வாங்கிவந்த கார்டு கெட்டதோ என்று பயந்தாய். ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் மாட்டி, தனித்தனியாக ஓட்டிப் பார்த்தாய். இரண்டும் ஓடின. மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸால்தான் இரண்டையும் சேர்த்துத் தாங்க முடியவில்லை. "கார்டுக்கு ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல" என்று தரையில் உட்கார்ந்து நீ சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மேலேறி வந்து பார்த்தார்.

பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினோம். மேல் கார்டு கொதித்தது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, நமக்கு இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினாய். நாம் அட்டையால் விசிறிக்கொண்டோம். நான் பயந்தபடியே தோட்டத்து மரங்கள் மெமரியில் அடங்கவில்லை. அதற்காக நீ ராயப்பன்பட்டிக்கே போய், எந்த ஜன்னல் வருமிடத்தில் நின்றால் எது தெரியும் என்று பார்த்து வந்தாய். அடுப்படி ஜன்னலுக்கு நேரே ஒரு தென்னை, கூடத்து ஜன்னலில் மலை. மற்ற மரங்களை எடுத்துவிட்டாய். படம் ஓடியது.

அந்த அக்கா மானிட்டருக்கு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். "அங்கன நிறுத்துத்தா" என்று சொல்லி எழுந்து நிற்பார். கையைத் தூக்கிக் காற்றில் சுவிட்சைத் தேடுவார். "இன்னும் கொஞ்சம் கீழ இருக்கட்டும்" என்பார். மாற்றினோம், மறுபடி ஓட்டினோம். மூன்றாம் தடவை பார்த்தபோது அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

புது கார்டு வெளியானபோது அது எங்குமே கிடைக்கவில்லை. தேனிக் கடையில் கேட்கும்போதெல்லாம் "இன்னும் வரலைம்மா" என்றார்கள். அதற்குள் அந்த அக்காவுக்கு நடுவிலும் இருட்டிவிட்டது. கொஞ்ச நாளில், காய்ச்சல் என்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

குடிபோகும் முன் பாதிரியார் வந்து செய்யும் வீடு மந்திரிப்புக்கு அந்த அக்கா அழைத்தபோது நான் போகவில்லை. நீ இல்லாமல் அந்த வாசலில் நிற்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். அதோடு இன்னொரு பயமும் இருந்தது. ஆசையாகப் பார்த்த வீட்டைக் கண் போனபின் நினைத்து நினைத்து வேதனைப்படுகிறாரோ, நாம் செய்தது உதவியா உபத்திரவமா என்று.

போன வாரம் ஒருவழியாகப் போனேன். அவரே கதவைத் திறந்தார். குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, சுவரைத் தொடாமல் எனக்கு முன்னே நடந்தார். போகிற போக்கில் சுவிட்சைத் தட்டினார், எனக்காக. அடுப்படியில் பாலை எடுத்தார், டம்ளரை எடுத்தார். ஒரு இடத்திலும் கை தயங்கவில்லை.

"சிரமப்படுவீகன்னு நெனச்சேங்க்கா" என்றேன்.

"நான் பாத்த வீடுதானாத்தா, எதுக்குச் சிரமம்?" என்றார். காபியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வெளிச்சுவரு மழையில வெளுத்துப்போச்சாம். தம்பி வேற நிறம் அடிக்கணுங்குறான். அடிச்சுக்கட்டும். எனக்கு உங்கூட இருந்த பொண்ணு படத்துல வச்ச மஞ்சள்தான்."

யாராவது பிளானோடு மாடியேறி வந்தால், இப்போதெல்லாம் பிளானைப் பிரிக்கும் முன் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். அது நீ எனக்கு விட்டுச்சென்ற பழக்கம், என்னோடு இருக்கும்.

அன்று அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது அழுகை வரும் என்று பஸ்ஸில் ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். வரவில்லை. உத்தமபாளையத்தில் இறங்கியதும் நல்ல பசி. நீ போன பிறகு எனக்கு அப்படிப் பசித்ததே இல்லை. நேரே கடைக்குள் போய், ரெண்டு புரோட்டா சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.