டேப்பின் மறுமுனை

செல்லம்,

சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறது. நேற்றுபோல் கோபத்தில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே.

வாடகைக்கு விட நாம் முதல்முதலாக வாங்கும் வீடு. "பாதி நான் போடுறேம்மா, என்னையும் சேத்துக்கோ" என்று முந்தாநாள் அங்கே நின்று கேட்டாய். நானோ புரோக்கர் முன்னாலேயே, "இவளா? அடுப்புல வச்ச பாலைப் பாத்துக்கவே துப்பில்ல" என்று சிரித்தேன். உன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தும், உன் மாமாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

நேற்று அவனோடு வீட்டை அளக்கப் போனேன். உன் அப்பாவுடைய டேப்பின் முனையை நீட்டினால், "கண்ணால பாத்தாலே தெரியுதே, இதெல்லாம் எதுக்குக்கா?" என்று போனை எடுத்துக்கொண்டான். நான் கையை விட்டதும் டேப் சரசரவென்று உள்ளே சுருண்டது. அப்பா இருந்தவரை எத்தனையோ வீடு பார்த்தோம். ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் எந்த அறையையும் அவர் அளக்காமல் விட்டதில்லை. மறுமுனையை நான் பிடிப்பேன். முந்தாநாள் நான் சொல்லாமலே குனிந்து அதைப் பிடித்தவள் நீ. உன்னைப் போய் கேலி பண்ணினேனே என்று மனசை அறுக்கிறது.

மாமாவிடம் வேண்டாமென்று சொல்லத்தான் கிளம்புகிறேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான், வைத்துக்கொள்ளட்டும். வேலை முடிந்ததும் நேரே அந்த வீட்டுக்கு வா. சமையலறையை இன்னும் அளக்கவில்லை.

அம்மா

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

டேப்பை உன் பையில் வைத்திருக்கிறேன். உனக்கு மனசில்லையென்றால் வர வேண்டாம். நான் எப்படியும் வாசலில் நிற்பேன்.

இதை எழுதிக்கொண்டே பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். அடுப்பைத் துடைக்க நேரமில்லை. பார்த்துச் சிரித்துக்கொள்.