பிரேக் பிடிக்கவில்லை என்றேன்

2025 மார்ச் 11, செவ்வாய்

காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேல்மலைக்குப் போகும்போது, லோரி பாதையை விட்டு இறங்கித் தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றது. கொழுந்து வெட்டும் துளசிக்குக் கை முறிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் பள்ளம்.

மேனேஜர் ஓடி வந்தார். "பிரேக் பிடிக்கல சார்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் நினைவு தப்பியது. சிறு வயதிலிருந்தே இனிப்பு நீர், தினமும் இன்சுலின் ஊசி. ரத்தத்தில் இனிப்பு அளவு இறங்கினால் முன்பெல்லாம் உடம்பே சொல்லிவிடும். இப்போது சொல்வதில்லை, நேராக மயக்கம்தான். எஸ்டேட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் லோரியைத் தொட விடுவார்களா?

மார்ச் 13

லோரிகளைப் பழுது பார்க்கும் ராமையா அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினார். "நீயே சொல்லு மகேஸ், போன வாரந்தான பிரேக்க மாத்துனேன்? நீதான ஓட்டிப் பாத்த?"

அவர் கையை விலக்கிவிட்டு நடந்தேன்.

மார்ச் 30

கோயிலில் துளசி. கையில் மாவுக்கட்டு. "நீங்க ஸ்டேரிங்க ஒடிக்காம இருந்தா நாங்க எல்லாம் பள்ளத்துல கெடப்போம்ணே" என்று, கட்டுப் போட்ட கையைத் தூக்கி என்னைக் கும்பிட்டாள். என்னைப் போய்!

ஏப்ரல் 16

கோலாலம்பூர் ஆஸ்பத்திரி. டாக்டர் சாரதா ஒரு புதிய ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். கருவின் முதல் நாட்களில் எடுத்த செல்லிலிருந்து கணையச் செல்களை லேபில் வளர்த்து, ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் விடுவார்களாம். அவை அங்கேயே தங்கி இன்சுலின் சுரக்கும். உடம்பு அவற்றை ஏற்றுக்கொள்ள மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். பலன் உறுதி இல்லை.

"இது எல்லாருக்கும் குடுக்கிறது இல்ல. முன்னால தெரியாமலே மயக்கம் போடுறவங்களுக்குத்தான். உங்களுக்கு அப்படி ஆயிருக்கா?"

"ஆயிருக்கு டாக்டர். லோரி ஓட்டும்போதே."

எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "இனிமே நீங்க ஓட்டவே கூடாது. வேலை எடத்துல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

உண்மை சொன்னால் எனக்கு நன்மை கிடைக்கும் இடத்தில் உண்மை. மற்ற இடத்தில் பொய். மலையேறும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 18

மனைவி உமாதேவியிடம் சிகிச்சையைப் பற்றிச் சொன்னேன். "யாரோட கரு?" என்றாள். குழந்தைக்காக வைத்தியம் பார்த்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி, தங்களுக்குப் போக மிஞ்சியதை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்களாம். எந்த ஊர், என்ன பேர் என்று டாக்டருக்கும் தெரியாது.

எங்களுக்கு இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"நமக்குத் தங்கல. யாரோ குடுத்தது உங்க உடம்புலயாவது தங்கட்டும்." பிறகு, என்னைப் பார்க்காமலே, "ராமையா அண்ணன்கிட்ட என்னா சொல்லப் போறீங்க?"

"உனக்கு எப்படி..."

"அன்னைக்கு நீங்க வந்து நின்ன நெலையிலயே தெரிஞ்சிருச்சி. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்லா."

ஏப்ரல் 19

இன்றும் லோரியை எடுத்தேன். டாக்டர் சொன்ன பிறகும். பின்னால் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். நானெல்லாம் ஒரு மனுசனா?

ஏப்ரல் 21

முடியவில்லை. அன்றைக்கு லோரி இறங்கிய வளைவு வருவதற்கு முன்பே ஓரம் கட்டி நிறுத்தினேன். எல்லாரையும் இறங்கி நடக்கச் சொன்னேன். சாவியைக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இவ்வளவு நாளா ஒரு மனுஷன் செய்யாத தப்புக்கு வீட்டுல உக்காந்திருக்கான்யா" என்றார். அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்.

டாக்டருக்கும் போன் போட்டு, அன்று சொன்னது பொய் என்றேன். "இப்பவாவது சொன்னீங்களே" என்றார்.

ஏப்ரல் 27

இனி நான் தொழிற்சாலையில் மூட்டை அடுக்க வேண்டும். ராமையா அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. ரிங்லெட் டவுனில் ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டார். தேடிப் போனேன். ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். அவர் காலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"சரி. போ" என்றார். வெளியே வரவில்லை.

துளசி வீட்டுக்கும் போனேன். "ஐயோ, ஒங்கள கையெடுத்துக் கும்பிட்டேனேண்ணே" என்றாள். அழுதது அவள் இல்லை, நான்.

ஜூலை 9

ஆஸ்பத்திரியில் ஈரல் குழாய்க்குள் செல்களைச் செலுத்திவிட்டார்கள். வயிற்றில் லேசான வலி மட்டும். முகம் தெரியாத அந்த இரண்டு பேரையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வாங்கிக்கொள்கிறவன் யோக்கியனா என்று அவர்கள் கேட்கவே இல்லையே.

செப்டம்பர் 14

மருந்தால் வாயெல்லாம் புண். ஆனால் ஊசி பாதியாகக் குறைந்துவிட்டது. செல்கள் பிடித்துக்கொண்டன என்கிறார் டாக்டர். சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கக் கூசுகிறது.

அக்டோபர் 20, தீபாவளி

உமாதேவி விடவில்லை. பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போனோம். ராமையா அண்ணனின் மனைவி உமாவை உள்ளே கூப்பிட்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்த்தது. விரல்கள் நடுங்கின. எத்தனை காலமாயிற்று, என் உடம்பு எனக்கு முன்கூட்டிச் சொல்லி! வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராமையா அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இனிப்பு எறங்குதுண்ணே" என்றேன். இறங்கும்போதே வெளி ஆள் ஒருவரிடம் சொல்வது வாழ்க்கையில் இதுதான் முதல்முறை.

எழுந்து உள்ளே போனார். ஒரு கிளாஸ் சூடான மைலோ பானத்தோடு வந்து, நான் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"சீனி பத்துமா?"

"பத்தும்ணே."

மழை தூற ஆரம்பித்தது. "உள்ள வந்து குடி" என்றார்.