குளித்த நாள்

காரைக்குடி
10.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் நானும் நலம். நீங்கள் போன் செய்தால் மாமி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள்; உங்கள் அறையிலோ ஆறு பேர். அதனால்தான் விடுப்பு முடிந்து திரும்பும் சல்மான் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் மாமி என் காதுபடச் சொன்னார்கள்: "அடுத்த தடவையும் ஒண்ணுமில்லன்னா அவனுக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்." மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன். எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள் என்று கேட்டார். குளித்த நாளிலிருந்து என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

உதிரம் நின்று குளித்துத் தொழுகைக்கு வந்த நாளைத்தானே நான் உங்களுக்குச் சொல்வேன்? நீங்களும் அதிலிருந்து இரண்டு வாரம் எண்ணி டிக்கெட் போடுவீர்கள். உதிரம் கண்ட முதல் நாளிலிருந்து எண்ண வேண்டுமாம். இரண்டு விடுப்பிலும் கருமுட்டை வந்து போன பிறகுதான் நீங்கள் வந்து இறங்கியிருக்கிறீர்கள்.

அன்றிலிருந்து என் உடம்பை நானே கவனித்து வருகிறேன். நடுமாதத்தில் படும் வெள்ளை, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுக்கி இழுபடுகிறது. நமக்கான நாட்கள் அவைதான். கருமுட்டை வரும் நாளைக் காட்டும் மருந்துக்கடைக் கிட்டிலும் அப்போதுதான் இரண்டாவது கோடு அழுத்தமாக விழுகிறது. பிறகு காலையில் உடம்புச் சூடு லேசாக ஏறும். ஏறிவிட்டால் அந்த மாதம் போயிற்று. இந்தக் கணக்கு ஒரு மாதமும் தப்பவில்லை.

பெருநாளுக்கு வராதீர்கள். அந்த வாரம் எனக்குத் தொழுகை இருக்காது. ஏப்ரல் இரண்டாம் வாரம் வாருங்கள். அங்கே நீங்களும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கோபிக்கக் கூடாது.

உங்கள்
பர்வீன்

ஷார்ஜா
2.3.2025

அன்பு பர்வீனுக்கு, சலாம்.

கோபம் வந்தது, போய்விட்டது. பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. விடுப்பை மாற்றிவிட்டேன். பெருநாளுக்கு மகன் இல்லையென்று அம்மா போனில் அழுதார்கள். "தப்பு அவ மேல இல்லம்மா, நாங்க எண்ணுனதுதான் தப்பு. வேற எடம்னு இனிமே பேசாதீக" என்றேன்.

ஸ்பீக்கரில்தானே இருந்தது? நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பாய்.

முஜிபுர்

காரைக்குடி
20.5.2025

மச்சான்,

மாதா மாதம் குளித்த நாளைச் சொல்வேனே, இந்த மாதம் சொல்ல நாள் இல்லை. டாக்டரம்மாவும் பார்த்து உறுதி சொல்லிவிட்டார்.

"எங்க மருமக முழுகாம இருக்கா" என்று மாமி தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. உங்களிடமும் தானே சொல்ல வேண்டுமென்று நிற்கிறார்கள். இந்தக் கூரியர் சேரும்வரை நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். படித்ததும் கூப்பிடுங்கள், தெரியாதவர் போலக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரில்தான் போடுவார்கள். இந்தத் தடவை நான் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பர்வீன்