என் ரத்தத்துக்கு ஒரு ஜெபக் குறிப்பு

ஜூலை 2, புதன்

போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பார்த்தால் தொலைந்தேன்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருக்கிற பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவைச் சொல்ல அனுசியா டாக்டர் இன்று என்னையும் அம்மாவையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச் சொல்லியிருந்தார். எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் அதைக் கட்டுக்குள் வைக்க இன்சுலின் மிக அதிகமாகச் சுரக்க வேண்டியிருக்கிறதாம். கொழுப்பு உடம்பில் சும்மா கிடப்பதில்லையாம். புரதங்களைச் செய்து ரத்தத்தில் விடுகிறதாம். அவற்றில் 'சாப்பிட்டது போதும்' என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் எனக்கு ஏராளம். மூளைதான் காதில் வாங்குவதில்லை. இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிபோனெக்டின் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் வலது காலைப் பார்த்தேன். சர்க்கரை நோயால் வெட்டியெடுத்த பெருவிரல் இருந்த இடம். எனக்கும் அப்படி வெட்டுவார்களா?

பயமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று — இனி யாரும் என்னைத் தீனிப்பண்டாரம் என்று சொல்லட்டும், பார்க்கிறேன். என் பசி என் திமிர் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

வீட்டு ஜெபக்கூட்டம். யாருக்காக ஜெபிக்கணும் என்று பாஸ்டரம்மா ஜெபக் குறிப்பு கேட்டதும் அம்மா எழுந்துவிட்டாள். "எம் பிள்ளை பிளஸ்ஸிக்கு ரத்தத்துல கோளாறு. பாரத்தோட ஜெபிங்க சிஸ்டர்." எல்லாரும் கண்ணை மூடினார்கள். இருதயம் ஆன்ட்டி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என் இடுப்பைப் பார்த்தார்.

என் ரத்தம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா?

ஜூலை 7, திங்கள்

வகுப்பில் பாண்டிசெல்வி ஓடி வந்தாள். "ஏட்டி, உனக்கு ரத்தப் புற்றுநோயாமே! நெசமா?"

"இல்லட்டி. குண்டு நோய்."

"அட, அம்புட்டுதானா! நான் அழுது வேற தொலைச்சேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் மட்டும் கழிவறையில் அழுதேன்.

ஜூலை 10, வியாழன்

சனிக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும். அம்மா சொல்கிறாள்: "ஒரு ராத்திரி பட்டினிக்கே ரத்தம் சுத்தமாத் தெரியும்னா, மூணு நாள் இருந்தா இன்னும் நல்லாத் தெரியும்லா?" சபையில் உபவாச ஜெபமும் இதே மூன்று நாள்தான். கர்த்தரே வழிகாட்டினாராம்.

நேற்று இரவிலிருந்து தண்ணீர் மட்டும்.

ஜூலை 11

சுவர் சுற்றுகிறது. அடுப்படியில் சோறு வடிக்கிற வாசனை. நாளைக்கு நான் வாயைத் திறப்பேனா? திறப்பேன். திறக்கணும்.

ஜூலை 12, சனி

ஊசியோடு வந்தவரிடம் சொல்லிவிட்டேன். "எடுக்காதீங்க. மூணு நாளா நான் சாப்பிடல."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். டாக்டர் அம்மாவைத் திட்டவில்லை. "பட்டினி போட்டா லெப்டின் மடமடன்னு இறங்கிரும்மா. வர்றது பொய்க் கணக்கு. ராத்திரி எப்பவும் போலச் சாப்பிடட்டும், காலைல சாப்பிடாம வந்தாப் போதும். அடுத்த வாரம் எடுப்போம்."

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது? "அப்போ அம்மாவுக்கும் எடுங்க டாக்டர்" என்றேன்.

"எனக்கு எதுக்குட்டி? ஊதினாப் பறந்துருவேன், என்னப் போயி!"

"ஒல்லியா இருக்கவங்களுக்கும் சர்க்கரை வரும்மா" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அம்மா என்னை விட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லி வாங்கிக் கொடுத்து, நான் முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 23, புதன்

போன வாரம் இரண்டு பேருக்கும் எடுத்த ரத்தத்தின் முடிவுகள் வந்தன. எனக்கு முன்பு போலவேதான். சர்க்கரை இன்னும் நோய் அளவை எட்டவில்லை. நேரத்துக்குச் சாப்பிடணும், தினமும் ஓடியாடி விளையாடணும், பட்டினி கூடவே கூடாது.

அம்மாவுக்கு அடிபோனெக்டின் என்னைவிடக் குறைவு. சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது.

எங்கள் ஊர் ராஜபாளையம் வரும்வரை பஸ்ஸில் அவள் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். 'இப்ப எப்படி இருக்கு?' என்று குத்திக் கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஜெபக்கூட்டம். இருதயம் ஆன்ட்டி அம்மா பக்கம் திரும்பி, "எப்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் போனியளே, என்னாச்சு? ஜெபக் குறிப்பு சொல்லலியா?" என்றார்.

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பாய்க்கு மேல் அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

நான் எழுந்தேன்.

"எங்க வீட்டுக்கு இன்னைக்கு ஒண்ணுமில்ல ஆன்ட்டி. அடுத்தவங்க சொல்லுங்க."